பீரோ சாவி

ஏப்ரல் 22, திங்கள்

கத்தக் கூடாது என்கிறார் டாக்டர். ரத்த அழுத்தம் நூற்றெழுபதில் நிற்கிறதாம். "கோபம் வந்தா ஒரு நோட்டுல எழுதுங்கம்மா, எழுதி முடிக்கிறதுக்குள்ள தணிஞ்சிரும்" என்றார். அவருக்கென்ன, எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பீரியட் நின்று பார்க்கட்டும். வீட்டுக்காரர் விடவில்லை. புத்தாண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது, அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். வீட்டில் இருப்பதெல்லாம் திருத்துகிற சிவப்புப் பேனா. அதிலேயே எழுதுகிறேன்.

இன்றைய கோபத்தின் பெயர் இசக்கிபிரியா. வயது இருபத்தாறு. போன ஜூனில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தவள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். இருபத்தேழு வருடமாக நான் போகிறேன். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குக் கூட்டத்தில் இவள் எழுந்து நின்று கேட்கிறாள்: "சார், மே மாசம் நமக்குச் சம்பளம் கிடையாதுல்ல. சம்பளம் இல்லாத மாசத்துல வேலை மட்டும் எப்படி சார் இருக்கும்?"

தாளாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இது நம்ம ஸ்கூல், நாம் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். கடைசியில் கொஞ்சம் சத்தம் வந்திருக்கலாம்.

"மிஸ், எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். அதுக்குத்தான் வந்தேன். இது உங்க ஸ்கூலா இருக்கலாம், எனக்கு இது வேலை" என்றாள்.

வேலையாம். வேலைக்கு வரும்போதே எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிற தலைமுறை.

ஏப்ரல் 23, செவ்வாய்

கத்தவில்லை. தேங்காய் துருவினேன். வேண்டியிருந்தது ஒரு மூடி, துருவியது மூன்று.

ஏப்ரல் 26, வெள்ளி

இப்போது தெரிகிறது அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று. அரசுப் பள்ளி வேலைக்கு எழுதிய தேர்வில் பாஸாகிவிட்டாளாம். மே 16 சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல்கள் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. அன்றைக்குப் போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அவளுடைய ஒரிஜினல்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. எங்கள் பள்ளியில் சேருகிற எல்லோருடையதும் அங்கேதான். பாதி வருடத்தில் டீச்சர் ஓடிப்போனால் பிள்ளைகள் கதி என்ன? அதற்காக ஏற்படுத்திய வழக்கம். சேரும்போதே சொல்லித்தான் வாங்குகிறோம். "வெரிஃபிகேஷனுக்கு" என்று சொல்கிறோம். மொத்தத்தில் சொல்கிறோம்.

தாளாளரிடம் போய்க் கேட்டேன். அவளுக்காகப் பரிந்து போனதாக யாரும் நினைக்க வேண்டாம், நடைமுறை அது. "பன்னெண்டு அட்மிஷன் கொண்டு வரச் சொல்லுங்க டீச்சர். கொண்டு வந்துட்டா சர்ட்டிஃபிகேட்டை எடுத்துட்டுப் போகட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவளைக் கூப்பிட்டு, "பன்னெண்டு பிள்ளை. முடிச்சிரு. சர்ட்டிஃபிகேட்டுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க சொல்றீங்கன்னா சரிங்க மிஸ்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் என்னவென்று தெரியவில்லை, நான் இருபத்தேழு வருடத்தில் பதினொரு நாள்தான் லீவு போட்டிருக்கிறேன், மகளுக்கு அம்மை போட்டபோதுகூட யாரிடமோ விட்டுவிட்டுப் போனேன் என்றேன்.

"யார்ட்டயோ இல்ல. என்ட்ட" என்றார். "பன்னெண்டு நாள் லீவு போட்டேன். போஸ்ட் ஆபீஸ்ல எனக்கு மெமோ கொடுத்தாங்க."

மெமோ கொடுத்தது எனக்குத் தெரியாது. தபால் இலாகாக்காரருக்கு என்ன, ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடினால் அதோடு உலகம் முடிந்தது.

ஏப்ரல் 30, செவ்வாய்

இரண்டு நாளாக அவளும் நானும் ஒரே தெருக்களில் சுற்றுகிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடையைப் பிடித்தால் நோட்டீஸ் பறக்கிறது, நோட்டீஸைப் பிடித்தால் குடை மடங்குகிறது.

ரயில்வே கேட் பக்கம் ஒரு வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் அவளிடம், "உங்க பிள்ளையை அந்த ஸ்கூல்லதான் சேப்பீகளா?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலக்கா. ஆனா நான் சயின்ஸ் நல்லா நடத்துவேன். வந்து ஒருநாள் உக்காந்து கேளுங்க, பிடிச்சா சேத்து விடுங்க" என்கிறாள். இப்படியா பேசுவது? பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி, ஸ்மார்ட் கிளாஸ், வேன் வசதி என்று வரிசையாகச் சொல்லத்தானே நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பெண் சேர்த்துவிட்டாள். இரண்டு பிள்ளைகள்.

மே 3, வெள்ளி

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குடையை மடக்கினாள். "இதுக்கு மேல வெயில் மிஸ். யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க. நான் போறேன், நீங்களும் போங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே இரண்டு மணிவரை நடந்தேன். ஏழு வீடு தட்டினேன். ஐந்து வீட்டில் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, மயக்கமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆட்டோவில்தான் திரும்பினேன்.

இன்றைய கணக்கு: அவளுக்கு மூன்று. எனக்கு ஒன்றுமில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மே 9, வியாழன்

பன்னிரண்டு முடித்துவிட்டாள். பன்னிரண்டு விண்ணப்பத்தையும் அடுக்கி, கிளிப் போட்டு, பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்தாள். ஒன்றில்கூடத் தப்பு இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

தாளாளரிடம் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்தார். "நல்ல பொண்ணு. நல்லா வேலை பாக்குது" என்றார். பிறகு, "இவ போயிட்டா ஜூன்ல சயின்ஸ் யாரு எடுப்பா டீச்சர்? ஜூன்ல பாக்கலாம்னு சொல்லுங்க" என்றார்.

"சார், பதினாறாம் தேதி சரிபார்ப்பு" என்றேன்.

"அதனாலதான் ஜூன்ல பாக்கலாம்ங்கறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல வேலைக்காரி என்று தெரிந்த அதே நிமிடத்தில், விடுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார். நான் என்ன செய்தேன்? "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல்வரை வந்த பிறகுதான் நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. பொறுப்பு என்று சொன்னது அவர் இல்லை, நான்.

போனில் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எளிதாக இருந்திருக்கும். "சரிங்க மிஸ்" என்று வைத்துவிட்டாள்.

நான் தாளாளரிடம் சொன்ன அதே "சரிங்க".

மே 10, வெள்ளி

வீட்டுக்காரரோடு சண்டை. அவள் போய்விட்டால் பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், தாளாளர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்து வைத்தால் விஷயம் பெரிது.

"ரெண்டாயிரத்து ஆறுல உனக்குக் கார்டு வந்துச்சு. வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு வச்சதுக்கு. ஞாபகம் இருக்கா?"

"நான்தான் போகலைன்னுட்டேனே. பத்தாம் வகுப்பை நட்டாத்துல விட்டுட்டுப் போக மனசு வரலை."

"அதை நீ ஊர்ல சொல்லு. என்ட்ட சொல்லாத. கார்டைக் கொண்டாந்து கொடுத்ததே நான்தான், அப்ப நான் போஸ்ட்மேன், இந்தத் தெரு என் பீட்டு. நீ மூணு தடவை போய்ச் சர்ட்டிஃபிகேட் கேட்ட. ஆடிட்டர்ட்ட இருக்கு, அடுத்த வாரம் வாங்கித் தாரேன்னு உங்க சார் சொன்னாரு. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. நீ இந்த அடுப்படியில உக்காந்து அழுத."

நான் அப்படி அழவில்லை. கண்ணில் விறகுப் புகை பட்டிருக்கும்.

எழுதி வைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கேஸ் அடுப்பு வாங்கியது தொண்ணூற்றெட்டில். விறகுப் புகைக்கு 2006இல் வேலையே இல்லை.

அழுதேன். அடுத்த வருடம் என்னைச் சீனியர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, எல்லோருக்கும் முன்னால் பீரோ சாவியை என் கையில் கொடுத்தார். "இவங்களை மாதிரி உழைக்கணும்" என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து தட்டிய ஞாபகம்.

மே 13, திங்கள்

காலை பத்து மணிக்கு இசக்கிபிரியா தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா பேச்சியம்மாள், தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தைந்து வருடமாகத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவர். விரல் நுனியெல்லாம் மருந்து படிந்து கறுத்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தார். காபியை ஒரே மடக்கில் குடித்தார், வேலைக்கு நேரமாகிறது என்றார்.

"டீச்சர், எனக்கு எழுத்து தெரியாது. அதனால கேக்கேன், கோவிச்சுக்காதீக. தீப்பெட்டி ஆபீஸ்லகூட வேலை பிடிக்கலைன்னா மறுநாள் நின்னுக்கிடலாம். எங்க மொதலாளி கெட்டவன்தான், ஆனா எங்ககிட்ட இருந்து ஒண்ணையும் பிடுங்கி வச்சுக்கிட்டது இல்ல. நாலு எழுத்து படிச்சவுக வேலை இதை விட நல்லா இருக்கும்னுதான் இவளைப் படிக்க வச்சேன். அப்படி இல்லையா?"

நான் தாளாளரைச் சொன்னேன். அவர் முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை என்றேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சார்கிட்ட நான் கொடுக்கல மிஸ். சேர்ந்த அன்னைக்கு உங்க கையிலதான் கொடுத்தேன். 'எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா'ன்னு சொல்லி வாங்கினீங்க. பேரைச் சிவப்பு மையில எழுதினீங்க. சாவி இப்பவும் உங்க ஹேண்ட்பேக்லதான் இருக்கு."

அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

"சின்னப் பொண்ணு பேசுற பேச்சா இது" என்று கத்தினேன். டாக்டர் சொன்னதெல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இருவரும் எழுந்து போய்விட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் வாசலில் திரும்பி, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

மே 14, செவ்வாய்

ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனேன். விடுமுறை என்பதால் வாட்ச்மேன் மட்டும். பீரோவைத் திறந்தேன்.

இத்தனை வருடமாக நான் ஒரு நேரத்தில் ஒரு கவரைத்தான் உள்ளே வைத்திருக்கிறேன். மொத்தமாக எடுத்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு மேஜையில் பரப்பினேன். ஐம்பத்து மூன்று பழுப்புக் கவர்கள். ஐம்பத்திரண்டில் என் கையெழுத்து. இப்போது வேலையில் இருப்பவர்கள் இருபத்து நான்கு பேர். மற்றவர்கள் எப்போதோ நின்றுவிட்டவர்கள். ஒரிஜினலைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போனவர்கள். ஒருத்தி தொலைந்துவிட்டது என்று போலீஸில் பொய் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கினாள் என்று கேள்விப்பட்டபோது, பொறுப்பில்லாத பெண் என்று நானே ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன். அவளுடைய கவரும் இருந்தது. தமிழ் எம்.ஏ., பல்கலைக்கழகத்தில் மூன்றாவது ரேங்க்.

ஐம்பத்து மூன்றாவது கவர் என்னுடையது. அதில் தாளாளரின் கையெழுத்து. அதை உள்ளேயே வைத்துவிட்டேன்.

இசக்கிபிரியாவின் கவரை எடுத்துக்கொண்டு, அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் வைத்து, பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து உள்ளே வைத்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு செய்கிறேன், நம்பாமல் சரிபார்க்கிறாளே என்று சுருக்கென்று கோபம் வந்தது. சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். போன ஜூனில் இப்படிச் சரிபார்க்க அவளுக்கு நான் நேரம் கொடுக்கவில்லை.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? அவள் பொருள் அவளுக்கு.

மற்ற கவர்களை ஏன் எடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார். உன்னுடையதையாவது எடுத்திருக்கலாமே என்றார். பயம் என்று சொல்ல மனம் வராமல், மறந்துவிட்டேன் என்றேன்.

மே 15, புதன்

வாட்ச்மேன் சொல்லிவிட்டான். தாளாளர் கூப்பிட்டுவிட்டார்.

கத்தவில்லை அவர். அவருக்கு ரத்த அழுத்தம் கிடையாது. "உங்களை நம்பித்தானே டீச்சர் சாவியைக் கொடுத்தேன்" என்றார், வருத்தமாக.

"நானும் உங்களை நம்பித்தான் சார் கொடுத்தேன். தொண்ணூத்தேழுல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் அவருடைய ஞாபகத்தில் ஒரு மத்தியானம்கூட இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கும் வயசாகுது, எல்லாத்தையும் தலையில போட்டுக்காதீங்க. ஆனா ஜூன்ல புது டீச்சர்ஸ் சேரும்போது நீங்கதான் உக்காரணும். உங்க முகத்தைப் பாத்தாத்தான் பிள்ளைங்க தயங்காம கொடுக்கும்."

மே 16, வியாழன்

இன்றைக்குத்தான் அவளுக்கு. காலையிலிருந்து மணி பார்க்கிறேன்.

மே 17, வெள்ளி

"முடிஞ்சது மிஸ்." அவ்வளவுதான் மெசேஜ். ஐந்து தடவை படித்தேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஆபீஸில் என்னை உட்கார வைத்தார்கள். உள்ளறையில் தாளாளர், கதவு திறந்தே இருந்தது.

முதலில் வந்தவள் முத்துச்செல்வி, அறிவியல் பட்டதாரி, இசக்கிபிரியாவின் இடத்துக்கு. இருபத்து மூன்று வயது. மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஜெராக்ஸ் மட்டும் கொடும்மா. ஒரிஜினலைக் காட்டிட்டு வீட்டுக்குக் கொண்டு போ" என்றேன்.

"இல்ல மிஸ், உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க சித்தி உங்ககிட்ட படிச்சவங்க. செண்பகவல்லி டீச்சர் கையில கொடுத்தா பேங்க்ல கொடுத்த மாதிரின்னு சொல்லிவிட்டாங்க."

"கொண்டு போன்னு சொல்றேன்ல."

"பரவால்ல மிஸ், வீட்டுல எலித் தொல்லை."

கத்திவிட்டேன். ஃபைலை மேஜையில் தள்ளி, "அறிவு இருக்கா உனக்கு? பதினேழு வருஷம் படிச்சதை முன்னப்பின்ன தெரியாத இடத்துல கொடுத்துட்டுப் போவியா? யாரு கேட்டாலும் கொடுக்காத. நான் கேட்டாலும் கொடுக்காத" என்றேன். பிள்ளை அழுதுவிட்டது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடியது. முதல் நாள் வேலையில் அழ வைத்துவிட்டேன். அழட்டும், ஃபைல் அவளிடம்தான் இருக்கிறது.

தாளாளர் வாசலில் வந்து நின்றார். "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"சார், என் கவரை எடுத்துக் கொடுங்க."

"உங்களுக்கு இப்ப எதுக்கு டீச்சர் அது?"

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. எந்த வேலைக்கும் இனி விண்ணப்பம் போட முடியாது. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "எதுக்கும் இல்ல. எடுங்க" என்றேன்.

"சாயந்தரம் பாத்துக்கலாம். உங்களுக்கு இப்ப செவன்த் ஏ கிளாஸ் இருக்குல்ல?"

மணி அடித்தது. எனக்குக் கால்கள் தானாக வகுப்புப் பக்கம் போகப் பார்த்தன. மறுபக்கம் திருப்பினேன். எதிரே அவருடைய அறையில் விருந்தினருக்குப் போட்டிருக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இருபத்தேழு வருடத்தில் அதில் உட்காரும்படி யாரும் சொன்னதில்லை, நானும் உட்கார்ந்ததில்லை. ஏழாம் வகுப்பில் சத்தம் கிளம்பியது. பெஞ்சை இழுக்கிற சத்தம், யாரோ யாரையோ அடிக்கிற சத்தம். தாளாளர் என்னைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பிள்ளைங்க கத்துது."

"கேக்குது சார்" என்றேன்.

அவர் சாவியை எடுத்துப் பீரோவைத் திறக்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை நான் எழுந்திருக்கவில்லை.